வளரும் கலைஞருக்கு நல்கை: எதற்காகத் தருகிறார்கள், எப்படிக் கேட்பது?

கேள்வி: நுண்கலைப் படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எட்சிங்கும் (உலோகத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரிக்கவைத்து எடுக்கும் அச்சு) மரச்செதுக்கு அச்சும் செய்கிறேன். இரண்டு குழுக் கண்காட்சிகளில் பங்கேற்றிருக்கிறேன். வளரும் கலைஞர்களின் தொழில்முறை வளர்ச்சிக்கென்றே அறக்கட்டளைகள் நல்கை தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. தொழில்முறை வளர்ச்சி என்றால் உண்மையில் என்ன? யார் தருகிறார்கள், எதைப் பார்த்துத் தருகிறார்கள்? எனக்கெல்லாம் இது சரிப்படுமா?

பதில்:

சரிப்படும். இரண்டு முறை கிடைக்கவில்லை என்பதை வைத்து உங்கள் கலையைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். இத்தகைய நல்கைகளுக்கான தேர்வுக்குழுக்களில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். அதற்கு முன்பு, விண்ணப்பம் போட்டுவிட்டு மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலமும் எனக்கு உண்டு. கழித்துக்கட்டப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் கலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் "நான் நன்றாகச் செய்கிறேன், எனக்குத் தாருங்கள்" என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிய வேண்டியது இன்னும் கொஞ்சம்: இப்போது எங்கே நிற்கிறீர்கள், அடுத்த அடி எது, அதை வைக்கவிடாமல் தடுப்பது எது? அந்தத் தடையை எடுத்துவிடக் கொடுக்கும் பணத்தைத்தான் தொழில்முறை வளர்ச்சிக்கான நல்கை என்கிறார்கள்.

பழைய கதை ஒன்றைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் 1917-இல் அமெரிக்காவில் ஒரு நிதியத்தை நிறுவினார். 1928 முதல் 1948 வரை அந்த நிதியம், பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும், ஃபெலோஷிப் வழங்கி வந்தது. பெற்றவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களில் மூவரை மட்டும் பார்ப்போம்.

1940-இல் ஜேக்கப் லாரன்ஸ் என்ற ஓவியருக்கு 1,500 டாலர் கிடைத்தது. வயது 23-கூட நிரம்பவில்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்த வரலாற்றை வரைய வேண்டும் என்பது அவர் திட்டம். நூலகத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் குறிப்பெடுத்தார். நியூயார்க்கின் ஹார்லெமில் மாதம் 8 டாலர் வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ பிடித்தார். தலா 12 அங்குலம், 18 அங்குலம் அளவில் 60 பலகைகள். க்வென்டலின் நைட் என்ற ஓவியர், பின்னர் லாரன்ஸின் மனைவியானவர், பலகைகளுக்கு அடிப்பூச்சுப் போட்டுக்கொடுத்தார். லாரன்ஸ் ஒவ்வொரு பலகையாக வரைந்து முடிக்கவில்லை. அறுபதையும் சேர்த்தே வைத்துக்கொண்டு, ஒரு நிறத்தைக் குழைத்து, அது வரவேண்டிய பலகைகள் அனைத்திலும் பூசி முடித்த பிறகே அடுத்த நிறத்துக்குப் போனார். முதல் பலகையில் இருக்கும் அதே பழுப்பும் அதே பச்சையும் அறுபதாவது வரை மாறாமல் வருவது அப்படித்தான். அறுபது பலகைகளையும் ஒன்றாகப் பரப்ப ஓர் அறையும், அந்த அறையை விட்டு வேறு வேலைக்கு ஓட வேண்டியிராத சில மாதங்களும் இல்லாமல் அப்படியொரு முறையை யோசித்துப் பார்க்கவே முடியாது. 1942-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் அருங்காட்சியகமும் ஆளுக்கு முப்பதாக அவற்றை வாங்கின. இரட்டைப்படை எண்கள் நியூயார்க்குக்கு, ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனுக்கு.

இரண்டாமவர் கோர்டன் பார்க்ஸ். புகைப்படக்காரர்களில் அந்த ஃபெலோஷிப்பை முதன்முதலில் பெற்றவர். அவர் அதைக் கொண்டு வாஷிங்டனுக்குப் போய், பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அமைப்பின் புகைப்படப் பிரிவில் ராய் ஸ்ட்ரைக்கரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1942-இல் அதே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்துவந்த எல்லா வாட்சனை, துடைப்பத்தோடு, பின்னால் அமெரிக்கக் கொடி தெரிய நிற்கவைத்து எடுத்த படம் இன்றுவரை பேசப்படுகிறது. மூன்றாமவர் நடனக் கலைஞர் கேத்ரின் டன்ஹம். 1935-இல் ஜமைக்கா, ஹெய்ட்டி, மார்டினிக், டிரினிடாட் என்று தீவு தீவாகப் போய் அங்குள்ளவர்களின் ஆட்டமுறைகளைக் கற்றார். அவர் பெயரில் இன்றும் கற்பிக்கப்படும் நடனமுறை அந்தப் பயணத்தில் வேர்பிடித்தது.

ஒரே நிதியம், ஒரே பெயருள்ள உதவி. ஆனால் ஒருவருக்கு வேண்டியிருந்தது அறையும் காலமும், இன்னொருவருக்கு ஆசானும் பட்டறையும், மற்றவருக்குப் பயணம். மூவருக்கும் அது தெளிவாகத் தெரிந்திருந்தது. உங்களுடையது எது என்பதைக் கண்டுபிடித்துவிட்டாலே பாதி விண்ணப்பம் முடிந்த மாதிரி.

இப்போது பெயர்களைப் பற்றி. ஃபெலோஷிப், திட்ட நல்கை, ரெசிடென்சி, தொழில்முறை வளர்ச்சி நல்கை என்று பலவாறு அழைக்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாமல், எதற்குச் செலவிடலாம் என்ற பகுதியைப் படியுங்கள். ஃபெலோஷிப் பெரும்பாலும் கட்டுப்பாடில்லாத பணம், வாடகைக்கும் கொடுக்கலாம். திட்ட நல்கை, ஒரு குறிப்பிட்ட படைப்பை முடிக்க. ரெசிடென்சி என்பது ஓரிடத்தில் சில காலம் தங்கிப் படைப்பது; அதில் இடமும் தனிமையும் கிடைக்கும், பணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தொழில்முறை வளர்ச்சிக்கென்றே தனியாக அறிவிக்கப்படுவது பெரும்பாலும் சிறிய தொகை: ஒரு பயிற்சிப் பட்டறையில் சேர, ஒரு மூத்த கலைஞரிடம் சில மாதம் கற்க, அழைப்பு வந்த விழாவுக்குப் போய்வர, படைப்புகளை முறையாகப் படமெடுத்து ஆவணப்படுத்த. சிறியது என்று ஒதுக்காதீர்கள். போட்டி குறைவு, முடிவும் சீக்கிரம் வரும். பெரிய நல்கைக்குப் போகும்போது, ஏற்கெனவே ஒரு தொகையைப் பொறுப்பாகக் கையாண்டவர் என்ற நம்பிக்கையை அதுதான் தரும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை வளர்ச்சி என்ற பெயரில் சமூக ஊடகத்தில் எப்படித் தெரிவது, விற்பனையை எப்படிப் பெருக்குவது என்று வகுப்பு எடுத்து அனுப்பிவிடும் திட்டங்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒப்பந்தத்தைப் படிக்கவும் விலை வைக்கவும் கணக்கு எழுதவும் ஒரு கலைஞர் கற்கத்தான் வேண்டும். ஆனால் படைப்பதற்கு நேரம் கொடுக்காமல் படைப்பை விற்கக் கற்றுக்கொடுப்பது, விதைக்காத வயலுக்கு அறுவடைக் கூலி பேசுவது போல. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் நேரம் தரும் நல்கையைத் தேர்ந்தெடுங்கள்.

யார் தருகிறார்கள்? இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டிக் களைத்துப்போகிறார்கள். பெரிய அறக்கட்டளைகள் பல, தனி ஆளுக்கு நேரடியாகப் பணம் தருவதே இல்லை. அதற்குச் சட்டக் காரணம் உண்டு. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை ஒன்று தன் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்கு வழங்கியாக வேண்டும். ஆனால் தனி ஆளின் படிப்புக்கோ பயணத்துக்கோ நல்கை தருவதென்றால், தேர்வு செய்யும் முறைக்கு வரித்துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால் பலர் கலை அமைப்புகளிடம் தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள், அவை கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலின் உயிலின்படி 1987-இல் உருவான அறக்கட்டளை இப்படித்தான் இயங்குகிறது. 1990-களில் அமெரிக்க அரசின் கலை நிதியம் தனிக் கலைஞர்களுக்கான நல்கைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்த நேர்ந்தபோது, அந்தக் குறையை ஈடுகட்ட 1999-இல் கிரியேட்டிவ் கேபிடல் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதற்கும் வார்ஹால் அறக்கட்டளை துணைநின்றது. பணத்தோடு ஆலோசனையும் பயிற்சியும் சேர்த்தே கொடுப்பது என்ற வழியைப் பரவலாக்கியதில் கிரியேட்டிவ் கேபிடலுக்குப் பெரிய பங்குண்டு. ஆக, பெரிய அறக்கட்டளையின் பெயரைப் பார்த்தால் அதற்கே எழுதாதீர்கள். அது யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று அதன் ஆண்டறிக்கையில் பாருங்கள். உங்களுக்கான கதவு அந்தப் பட்டியலில் இருக்கும்.

நேரடியாகத் தருபவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு உடனே பொருந்தக்கூடியது மான்ட்ரியலில் உள்ள எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை. சார்லஸ் கிளாஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1955-இல் தொடங்கியது. தொடக்கநிலைக் கலைஞர்களுக்கென்றே உள்ளது, எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஓவியம், சிற்பத்தோடு அச்சோவியத்தையும் ஏற்கிறார்கள். ஆனால் உருவம் சார்ந்த கலை மட்டும்தான், அரூப ஓவியர்களுக்கு இடமில்லை. உங்கள் எட்சிங்குகளில் மனிதரோ மரமோ வீடோ இருக்கிறதென்றால் யோசிக்காமல் அனுப்புங்கள். இந்தியக் குடிமக்களுக்கு, 1993-இல் நிறுவப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் உண்டு. பெங்களூரிலிருந்து இயங்குகிறது, 1995 முதல் நல்கை வழங்குகிறது.

சில கதவுகள் இன்றைக்கு உங்களுடையவை இல்லை. தெரிந்துகொண்டால் நேரம் மிஞ்சும். கடந்த நூற்றாண்டின் முக்கியமான ஓவியர் லீ கிராஸ்னர் விட்டுச்சென்ற செல்வத்தில் 1985-இல் தொடங்கிய பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை, படைப்பின் தரத்தோடு பணத் தேவையையும் பார்க்கிறது. ஏற்கெனவே தொழில்முறையில் காட்சிப்படுத்தி வருபவர்களுக்கானது, மாணவர்களுக்கு இல்லை. இன்னும் சில கண்காட்சிகளுக்குப் பிறகு உங்களுக்கு அது திறக்கும். 1925 முதல் வழங்கப்படும் குகன்ஹைம் ஃபெலோஷிப் ஏற்கெனவே பேர் சொல்லும்படியான பணி உள்ளவர்களுக்கு. காட்லிப் அறக்கட்டளை, முதிர்ந்த நிலையில் 20 ஆண்டுகளாவது உழைத்தவர்களைக் கேட்கிறது. மெக்கார்தர் ஃபெலோஷிப்புக்கு யாருமே விண்ணப்பிக்க முடியாது, மற்றவர்கள்தான் பரிந்துரைக்க வேண்டும். வளரும் என்ற சொல்லும் வயதைக் குறிப்பதில்லை. சில இடங்களில் படிப்பு முடிந்த முதல் ஐந்து ஆண்டுகள், சில இடங்களில் பத்து, சிலர் கண்காட்சி எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். ஐம்பது வயதில் கலைக்கு வந்தவரும் வளரும் கலைஞர்தான்.

இனி, அறைக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான் இருந்த குழுக்களில் முதல் சுற்று எப்போதும் படங்களோடு தொடங்கும். திரையில் எட்டு அல்லது பத்துப் படங்கள். எழுத்தை அப்போது யாரும் படிப்பதில்லை. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் சுவரின் நிறமும், கண்ணாடிச் சட்டத்தில் பட்ட ஜன்னல் வெளிச்சமும், படமெடுத்தவரின் கைநிழலும் தெரிந்தால், படைப்பை அவற்றுக்கு நடுவே தேட வேண்டியிருக்கிறது. அச்சோவியத்துக்கு இது இன்னும் கொடுமை. எட்சிங்கின் உயிர் கோட்டில் இருக்கிறது. அமிலம் எவ்வளவு ஆழமாகக் கடித்தது, மை எங்கே தேங்கியது, தகட்டின் விளிம்பு தாளில் எப்படி அழுந்தியது என்பதெல்லாம் மங்கலான படத்தில் சாம்பல் கறையாகிவிடும். சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, தாளின் நான்கு ஓரமும் தெரிய, நேர்க்கோணத்தில், மிதமான பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பத்தில் இரண்டு படங்கள் மிக அருகிலிருந்து எடுத்த பகுதிகளாக இருக்கட்டும். படக்குறிப்பில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, பதிப்பு எண்ணிக்கை (மொத்தம் எத்தனை பிரதி அச்செடுத்தீர்கள் என்பது). வரிசையும் முக்கியம். பலமானதை முதலிலும் கடைசியிலும் வையுங்கள், ஐந்து ஆண்டுப் பழையதை எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் சுற்றில்தான் எழுத்து. ஒரு முறை அடுத்தடுத்து வந்த இரண்டு விண்ணப்பங்கள் எனக்கு மறக்கவில்லை. இரண்டுமே உங்களைப் போன்ற அச்சோவியர்களுடையவை, படங்களில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். முதலாமவர் எழுதியிருந்தது: "இந்த நல்கை என் கலைப்பயணத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும் என் ஆளுமையை விரிவுபடுத்தவும் பேருதவியாக அமையும்." இரண்டாமவர்: "கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து எனக்கு அச்சு இயந்திரம் கிடையாது. மரச்செதுக்கைக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து அச்செடுத்துவிடுகிறேன். எட்சிங்குக்கு அந்த வழியில்லை. 14 செப்புத் தகடுகள் கீறி முடித்து அச்சாகாமல் கிடக்கின்றன. கூட்டு அச்சுக்கூடம் ஒன்றில் ஆறு மாத உறுப்பினர் கட்டணம் கேட்கிறேன். அங்குள்ள மூத்தவரிடம் நைட்ரிக் அமிலம் இல்லாமல் ஃபெரிக் குளோரைடில் தகட்டைக் கடிக்கவைக்கக் கற்பேன், அதன் பிறகு வீட்டிலேயே பாதுகாப்பாகச் செய்ய முடியும்." மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். அச்சோவியம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அந்த 14 தகடுகள் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டன. ஒரு நாடக இயக்குநர்தான் முதலில் பேசினார்: "அவற்றை அச்சாக்கிப் பார்த்தாக வேண்டும்." விவாதமே நடக்கவில்லை.

பெரிய சொற்களை எடுத்துவிட்டு எண்ணையும் பொருளையும் இடத்தையும் வையுங்கள். தேர்வுக்குழுவில் உங்கள் துறை தெரியாதவர்களே அதிகம் இருப்பார்கள். பிறகு, அறக்கட்டளை இந்த ஆண்டு சுற்றுச்சூழல் என்று கருப்பொருள் அறிவித்தால், இல்லாத சுற்றுச்சூழலை உங்கள் படைப்புக்குள் திணிக்காதீர்கள். படங்கள் ஒன்றும் எழுத்து வேறொன்றும் சொல்வது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். கிடைத்துவிட்டால் இன்னும் சிக்கல், உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு வேலையை ஓராண்டு செய்ய வேண்டியிருக்கும்.

பட்ஜெட்டை எல்லோரும் கடைசி இரவில் போடுகிறார்கள். எனக்கோ அதுதான் ஒரு கலைஞரின் யோசனையை நேராகக் காட்டும் பக்கம். "பொருட்கள்" என்று ஒரே வரியில் முழுத் தொகையையும் எழுதியவர்கள், எந்தத் தாள், எத்தனை தாள், வீணாகப்போகும் சோதனை அச்சுகளுக்கு எவ்வளவு என்று யோசிக்கவில்லை என்றே நினைக்கத் தோன்றும். கற்றுத்தருபவரின் ஊதியத்தை எழுதுங்கள். ஆவணப்படுத்தும் செலவை எழுதுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால்தான் ஸ்டூடியோவுக்குப் போக முடியும் என்றால், விதிமுறை தடுக்காதவரை அதையும் எழுதுங்கள். இதில் கூச்சப்பட்டுப் பல பெண்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் உழைப்புக்கு ஒரு கூலியை எழுதுங்கள். தன் நேரத்துக்குச் சுழியம் போடும் கலைஞரை யாரும் தியாகி என்று பாராட்டுவதில்லை, இந்தத் திட்டம் பாதியில் நிற்குமோ என்றுதான் கவலைப்படுவார்கள். மற்றபடி, கேட்கும் தொகை வரம்புக்குள் இருக்கட்டும், கூட்டல் சரியாக இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் பெயரை மட்டும் தெரிந்த புகழ்பெற்றவரின் நான்கு வரியைவிட, நீங்கள் மை துடைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியரின் ஒரு பக்கம் மேல். உங்கள் விண்ணப்பத்தின் நகலை அவருக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கிடைத்த பிறகு வருபவை பற்றிக் கொஞ்சம். தொகை பெரும்பாலும் தவணைகளில் வரும், கடைசித் தவணை அறிக்கை கொடுத்த பிறகு. ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஓர் உறையில் போட்டு வையுங்கள். திட்டம் மாறினால் மறைக்காமல் உடனே எழுதிக் கேளுங்கள், நியாயமான மாற்றத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. வரி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும், கணக்கரிடம் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் பதிப்புரிமை யாருக்கு என்ற பகுதியைக் கண்டிப்பாகப் படியுங்கள். அறிக்கைக்கும் விளம்பரத்துக்கும் படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்பது வழக்கம், உரிமையையே எழுதிவாங்குவது வழக்கமில்லை. ரெசிடென்சிகள் சில சிறு விண்ணப்பக் கட்டணம் வாங்குவதுண்டு. ஆனால் "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், தொகையை விடுவிக்க முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது எழுதினால் அது மோசடி. பதில்கூடப் போடாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது: இப்போது எங்கே அச்செடுக்கிறீர்கள்? படிப்பு முடிந்ததும் அச்சோவியர்கள் முதலில் இழப்பது இயந்திரத்தைத்தான். உங்கள் தடையும் அதுவாக இருந்தால், பெரிய ஃபெலோஷிப்பை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். எட்டும் தூரத்தில் உள்ள கூட்டு அச்சுக்கூடங்களை விசாரித்து, கட்டணத்தை எழுத்தில் வாங்கி, சிறிய தொழில்முறை வளர்ச்சி நல்கை ஒன்றுக்குப் போடுங்கள். அதில் வரும் புதிய அச்சுகளைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு கிரீன்ஷீல்ட்ஸுக்குப் போகலாம். ஏற்கெனவே மறுத்த இரண்டு இடங்களுக்கும் இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதி, தேர்வுக்குழுவின் கருத்து ஏதாவது பகிர முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். சிலர் தருவார்கள், சிலர் மாட்டார்கள். கேட்டதற்காக யாரும் உங்கள் பெயரை அடிக்கோடிட்டு வைப்பதில்லை. அடுத்த ஆண்டுக் குழுவில் ஆட்களும் மாறியிருப்பார்கள், அதே இடத்துக்கு மீண்டும் போடத் தயங்காதீர்கள். மூன்றாவது, நான்காவது முறையில் தேர்வானவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வரைவு எழுதியதும் முதல் பத்தியையும் பட்ஜெட் பக்கத்தையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள். கூடவே, அச்சாகாமல் கிடக்கும் தகடுகள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.